டிரைவரிடம் பேசக் கூடாது

"நல்லா இருந்தோ டிரைவரே, நம்ம மதுரக்கள்ளு?" என்று கடைக்காரன் குட்டப்பன் கேட்டபோது பேச்சிமுத்து இரண்டாவது செம்பையும் காலி செய்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

துடைத்த கை அப்படியே நின்றது.

"என்ன கள்ளு?"

"மதுரக்கள்ளு. கூந்தப்பனை. இன்னு காலத்தே எறக்கியது." குட்டப்பன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "ஒரு செம்பு கூடி எடுக்கட்டே?"

பேச்சிமுத்து செம்பைக் கீழே வைத்தான். ஏலக்காய் தட்டிப் போட்டு, சில்லென்று, தித்திப்பாக இருந்தது. பானகம் என்றுதான் குடித்தான். குமுளியில்கூடப் பானகம் கிடைக்கிறதே என்று சந்தோஷமாகக் குடித்தான். பிறந்ததிலிருந்து கள்ளையும் சாராயத்தையும் மோந்துகூடப் பார்க்காதவன்.

வெளியே பஸ் நின்றது. ஏலத்தோட்டத்து ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். பஸ்ஸைக் கீழே இறக்க வேண்டும். மலைப்பாதை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை.

இந்தப் பாதைக்கு அவன் புதியவன். தேனிக்கும் பெரியகுளத்துக்கும் இடையே, உள்ளங்கை போன்ற சமதளத்தில் ஓட்டிக்கொண்டிருந்தவனை முதலாளி போன வாரம்தான் குமுளிக்கு மாற்றினார். மலை அவனுக்குப் பழகவில்லை. மலையாளமும் பழகவில்லை.

போன வாரம் இன்னொன்றும் நடந்தது. புதிதாக வந்த மோட்டார் சட்டத்தைச் சொல்லிக்கொடுப்பதற்காக டிரைவர்களை எல்லாம் உத்தமபாளையத்துக்கு வரச் சொன்னார்கள். குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால் லைசென்ஸ் பறிபோகும் என்றார்கள். அதன்பிறகு மதுரையிலிருந்து வந்த டாக்டர் ஒருவர் எழுந்து பேசினார். மற்ற டிரைவர்கள் தூங்கினார்கள். பேச்சிமுத்து வாயைத் திறந்துகொண்டு கேட்டான்.

"வாயில வாடை இருக்கா இல்லையாங்கிறது கணக்கில்ல. ரத்தத்துல எவ்வளவு கலந்திருக்குங்கிறதுதான் கணக்கு. எலுமிச்சம்பழம், மோரு, பச்சைத் தண்ணிக் குளியல், எதுவும் ரத்தத்துக்குள்ள போய் அதை வழிச்சு எடுக்காது. நேரம் ஒண்ணுதான் எடுக்கும். காலு தள்ளாடுறதெல்லாம் கடைசி. முதல்ல போறது பயம். பயம் போனவன் தனக்கு ஒண்ணும் ஆகலைம்பான். நல்லாத்தான் இருக்கேம்பான். அதுதான் அடையாளம்."

பேச்சிமுத்து தன்னையே சோதித்துப் பார்த்தான்.

தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றியது. நன்றாகத்தான் இருப்பதாகவும் தோன்றியது.

சட்டென்று எழுந்தான்.

கடைக்குப் பின்னால் ஓடையின் குறுக்கே ஒரு மரத்தைப் போட்டிருந்தார்கள். அதன் மேல் ஏறி அந்தப் பக்கம் நடந்தான். இந்தப் பக்கம் நடந்தான். கால் பிசகவில்லை. குடிக்காதவன் எவனாவது இத்தனை தைரியமாக ஈர மரத்தின் மேல் நடப்பானா என்று யோசித்தான். ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தான். கூடலூர், கம்பம், அனுமந்தன்பட்டி, உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி, தேனி. தேனியிலிருந்து திருப்பியும் சொன்னான். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. சாதாரணமாக அனுமந்தன்பட்டியை விட்டுவிடுவான்.

"என்னண்ணே, மரத்து மேல நின்னுக்கிட்டு யாருக்கு ஏலம் விடுறீக?" கண்டக்டர் சுருளியாண்டி வந்து நின்றான். "உள்ள ஜனம் சத்தம் போடுது."

"சுருளி, நான் குடிச்சிட்டேன்டா."

"என்னத்த?"

"கள்ளு. ரெண்டு செம்பு."

சுருளியாண்டி அவனை ஏற இறங்கப் பார்த்தான். "ஆளப் பாத்தா தெரியலையே."

"தெரியாதுடா. அப்படித்தான் இருக்குமாம்."

"கண்ணு செவக்கல."

"அது கடைசி."

"நாக்குக் குழறல."

"அதுவும் கடைசிதான். இப்ப எனக்குப் பயம் போயிருக்கணும்."

"போயிருச்சா?"

பேச்சிமுத்து யோசித்தான். "போகலடா. கூடிக்கிட்டே வருது. மலையாளத்துக் கள்ளு வேற மாதிரி வேலை செய்யும் போல."

சுருளியாண்டி தொண்டைக்குள் விரலை விடச் சொன்னான். விட்டான். கண்ணில் தண்ணீர் வந்தது, வேறு ஒன்றும் வரவில்லை. ஓடைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளச் சொன்னான். ஊற்றிக்கொண்டான். குளிரில் பல் கிட்டித்து, இப்போது நாக்கும் குழறியது.

"வ்-வந்துருச்சு பாத்தியா," என்றான் பேச்சிமுத்து.

நேரம் ஒன்றுதான் மருந்து என்று முடிவானது. ரேடியேட்டர் சூடாக இருக்கிறது, ஆறட்டும் என்று ஜனங்களிடம் சொன்னார்கள். ஜனங்கள் முணுமுணுத்தார்கள். காத்திருந்த நேரத்தில் மேலும் இரண்டு தோட்டத்து ஆட்கள் ஏல மூட்டைகளோடு வந்து சேர்ந்தார்கள். பஸ்ஸின் நடுவில் மூட்டைகள் கூரைவரை ஏறின. முன்னால் இருப்பவர்களைப் பின்னால் இருப்பவர்கள் பார்க்க முடியாமல் போனது. அது முடிந்ததும் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்தது. முதலில் பாதையோரத்துக் கல் மறைந்தது. அப்புறம் பாதை மறைந்தது.

நேரம் கள்ளை எடுத்ததோ இல்லையோ, வழியை எடுத்துவிட்டது.

இனி முதலாளியிடம் சொல்லாமல் முடியாது.

முதலாளி கோட்டைச்சாமி புது லைனைப் பார்வையிட அன்றுதான் முதன்முதலாக மலை ஏறியிருந்தார். தேனியில் பஞ்சு வியாபாரம். கள்ளுக்கடை மறியலில் முதல் ஆளாக நிற்பவர். மதுவிலக்குக் கூட்டம் எந்த ஊரில் நடந்தாலும் அவர் பேச்சு உண்டு. மற்றபடி ரொம்பப் பயந்த மனிதர். காலையில் வந்தபோது முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, வளைவுக்கு வளைவு "மெதுவாடா, முருகா, மெதுவாடா" என்றபடியே வந்தார்.

குட்டப்பன் கடையின் உள்பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு செம்பு காலியாக இருந்தது. வண்டி தாமதம் என்றதும் மூன்றாவதை வாங்கியிருந்தார். அதுவும் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது.

"மொதலாளி, ஒரு தப்பு நடந்துபோச்சு."

"சொல்லுடா தங்கம்."

பேச்சிமுத்து திடுக்கிட்டான். டயர் பஞ்சர் ஆனாலே இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாத மனிதர்.

"தெரியாம கள்ளக் குடிச்சிட்டேன் மொதலாளி. பானகம்னு நெனச்சு."

கோட்டைச்சாமி எழுந்தார். அடிக்கப் போகிறார் என்று பேச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டான். அவர் கட்டிப்பிடித்தார்.

"உண்மையச் சொன்ன பாரு. எத்தனை பேருடா சொல்லுவான்?" அவர் கண் கலங்கியது. "ஆனா நீ பேரைக் கேட்டு வாங்கியிருக்கணும். நான் வந்ததும் விசாரிச்சேன். மதுரக்கள்ளு வேணுமான்னான். சீ, கள்ளுங்கிற பேரே என் காதுல விழக்கூடாது, வேற என்ன வச்சிருக்கேன்னு கேட்டேன். அந்தி இருக்குன்னான். அந்தியக் குடுன்னேன். எம்புட்டு இதமா இருக்கு தெரியுமா? பேருலதான்டா எல்லாம் இருக்கு."

"இப்ப வண்டிய யாரு எறக்குறது மொதலாளி? எனக்கு லைசென்ஸ் போனாலும் போகட்டும். உள்ள இத்தனை ஜனம் இருக்கு."

"நான் எறக்குறேன்."

"நீங்களா? மலைப்பாதை மொதலாளி. மேகம் வேற."

"தேனியில என் காரை யாருடா ஓட்டுறா? நான்தானே?"

அது உண்மைதான். வீட்டிலிருந்து பஞ்சுக் கிட்டங்கிவரை ஓட்டுவார். அந்தக் கார் வந்தால் தெருவில் படுத்திருக்கும் நாய்கூட எழுந்திருக்காது.

பேச்சிமுத்து யோசித்தான். குடியைத் தொடாத மனிதர். நத்தை வேகத்தில் ஓட்டுகிறவர். நிழலைக் கண்டாலும் பயப்படுகிறவர். இந்த மேகத்தில் வண்டியை ஒப்படைக்க அவரை விட நல்ல கை கிடைக்காது.

கைப்பிடியைச் சுழற்றி சுருளியாண்டி எஞ்சினைக் கிளப்பினான். கோட்டைச்சாமி டிரைவர் சீட்டில் ஏறினார். பேச்சிமுத்து பக்கத்தில் உட்கார்ந்தான். பள்ளம் அவன் உட்கார்ந்த பக்கம். சீட்டுக்கு மேலே பலகையில், "டிரைவரிடம் பேசக் கூடாது" என்று முதலாளி எழுதி வைத்திருந்தார்.

வண்டி நகரும்போது பின்னாலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். ஏலத்தோட்டத்தில் கூலி வேலை செய்யும் சங்கிலியம்மாள். சுருளியாண்டி கையைக் கொடுத்துப் பின்படியில் தூக்கிவிட்டான். மூட்டைகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"டிரைவரே! குட்டப்பன் ஒரு சேதி சொல்லிவிட்டாரு!"

"வண்டி ஓடுறப்ப டிரைவர்கிட்ட பேசக்கூடாதுத்தா!" என்று பேச்சிமுத்து முன்னாலிருந்து கத்தினான். "எதுன்னாலும் கீழ போய்ச் சொல்லு!"

"சரிங்க டிரைவரே!"

முதல் வளைவில் பாறை வலது பக்கத்தை உரசியது. மரச்சட்டம் கிறீச்சிட்டது.

"பாறை நல்ல பாறை," என்றார் கோட்டைச்சாமி.

பேச்சிமுத்து இடது பக்கம் எட்டிப் பார்த்தான். முன்சக்கரம் பாதையின் விளிம்பில் ஓடுவது போல் தெரிந்தது. கண்ணை மூடித் திறந்தான். இன்னும் அப்படியே தெரிந்தது. ஒரு கல் புரண்டு கீழே போனது. அது விழுந்த சத்தம் கேட்கவில்லை.

ரெண்டு செம்புக்கே கண் இப்படிக் காட்டினால் தினம் குடிக்கிறவர்கள் என்ன பாடுபடுவார்கள் என்று இரக்கப்பட்டான்.

புளித்த வாடை அடித்தது. முன்சீட்டு முழுவதும் அடித்தது. தன் வாயா இப்படி நாறுகிறது என்று கூசி, துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டான். முதலாளி பாவம், ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாடிக்கொண்டிருந்தார். அவர் பாடி அவன் கேட்டதில்லை.

வண்டி இடதுபுறம் சாய்ந்தது. வலதுபுறம் சாய்ந்தது. பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது.

"அண்ணே, வண்டி ஆடுது!" சுருளியாண்டி மூட்டைகளின் இடுக்கில் தலையை நுழைத்துக் கத்தினான்.

"வண்டி ஆடலடா! நான் குடிச்சிருக்கேன்ல, அதான்!"

"நீங்க குடிச்சா எனக்கு எதுக்குண்ணே ஆடணும்?"

தனக்குத் தோன்றுவது எதையும் நம்பக்கூடாத நிலையில் பேச்சிமுத்து இருந்தான். சுருளி சொன்னதாகத் தன் காதில் விழுந்ததை மட்டும் எப்படி நம்புவது?

"மொதலாளி, கொஞ்சம் பிரேக்க மிதிச்சா…"

"பலகையப் படிடா."

படித்தான். வாயை மூடிக்கொண்டான்.

சரிவு கூடியது. வண்டியும் வேகம் கூடியது. மேகத்துக்குள்ளிருந்து மரங்கள் திடீர் திடீரென்று முகத்துக்கு நேராக வந்து விலகின. பேச்சிமுத்துவின் வலது கால் தானாகவே தரையை அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை. மறுபடியும் மறுபடியும் அழுத்தினான்.

"டிரைவரே, சேதிய இப்பச் சொல்லட்டா?" பின்னாலிருந்து சங்கிலியம்மாள்.

"பேசாதத்தா! கும்பிடுறேன், பேசாத!"

"சரிங்க டிரைவரே! நீங்க ரோட்டப் பாருங்க!"

அடுத்த வளைவுக்கு முன்னால் பாதையோரத்தில் கருப்பசாமி கல் இருந்தது. அந்த வழியாகப் போகும் எந்த டிரைவரும் அங்கே ஒரு கையைத் தூக்கிக் கும்பிடுவான். மறு கை ஸ்டீரிங்கில் இருக்கும்.

கோட்டைச்சாமி இரண்டு கையையும் தூக்கினார். கண்ணையும் மூடிக்கொண்டார்.

"கருப்பா," என்றார் மனமுருகி.

மேகத்துக்குள் மாட்டுமணிச் சத்தம் கேட்டது. மூட்டை ஏற்றிய பார வண்டி ஒன்று எதிரே ஏறி வந்துகொண்டிருந்தது. முதலில் கொம்புகள் தெரிந்தன. அப்புறம் வண்டிக்காரனின் வாய் தெரிந்தது. அது திறந்திருந்தது.

தன் கை குடிகாரன் கை என்பது பேச்சிமுத்துவுக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் கை போய்விட்டது. ஸ்டீரிங்கைப் பிடித்து இழுத்தான், விட்டான், திரும்ப இழுத்தான். வலது கால் குறுக்கே பாய்ந்து முதலாளியின் காலோடு சேர்த்துப் பிரேக்கை மிதித்தது. பஸ்ஸுக்கும் மாட்டுக்கும் நடுவே ஒரு வெற்றிலை போகும் இடம் இருந்தது. மாடு பேச்சிமுத்துவின் முகத்தில் மூச்சு விட்டுவிட்டுப் போனது.

பஸ்ஸுக்குள் யாரும் மூச்சு விடவில்லை.

கோட்டைச்சாமி கண்ணைத் திறந்தார். ஸ்டீரிங்கின் மேல் இருந்த பேச்சிமுத்துவின் கையைப் பார்த்தார். தன் காலின் மேல் இருந்த அவன் காலையும் பார்த்தார்.

"மன்னிச்சிருங்க மொதலாளி," என்றான் பேச்சிமுத்து, இரண்டையும் எடுத்துக்கொண்டு. "குடிச்சிருக்கேன்ல. என்ன செய்றேன்னு தெரியல."

"குடிச்சவன் கை சும்மா இருக்காதுடா." அவர் பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினார். "அதுக்குத்தான் நான் ஓட்டுறேன்."

அதற்குப் பிறகு நடந்தது எதையும் பேச்சிமுத்து பார்க்கவில்லை. காலையில் முதலாளி பிடித்துக்கொண்டு வந்த அதே கம்பியை இரண்டு கையாலும் பிடித்தான். கண்ணை மூடினான். "மெதுவா, முருகா, மெதுவா," என்றான்.

அடிவாரத்தில் மேகம் இல்லை. மாலை வெயில் அடித்தது. சுங்கச்சாவடியில் பாதைக்குக் குறுக்கே கட்டியிருந்த மூங்கிலும் பளிச்சென்று தெரிந்தது. பஸ் அதை முறித்துக்கொண்டு போய், ஓரமாகக் கிடந்த வைக்கோல் போரில் மூக்கை நுழைத்து நின்றது.

யாருக்கும் அடி இல்லை. பேச்சிமுத்து ஒவ்வொரு தலையாக எண்ணிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

ஏட்டு ஊதலோடு ஓடி வந்தார்.

"யாருய்யா டிரைவரு?"

பேச்சிமுத்து இறங்கிப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "நான்தான் ஏட்டையா. நான் குடிச்சிருக்கேன்."

ஏட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார். "எட்டி நில்லுய்யா. இங்கன வரைக்கும் அடிக்குது."

பேச்சிமுத்து எட்டி நின்றான். அவனுக்குப் பின்னாலேயே இறங்கி வந்திருந்த கோட்டைச்சாமி, முறிந்த மூங்கிலின் கட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"குடிச்சவன் கை என் வண்டி மேல படக்கூடாது ஏட்டையா," என்றார். குரல் கணீரென்று இருந்தது. "அதனால நானே ஓட்டிட்டு வந்தேன். உசுரப் பணயம் வச்சு ஓட்டிட்டு வந்தேன். மூங்கிலு என்னய்யா மூங்கிலு? இத்தனை உசுரு பொழச்சிருக்கு!"

ஏட்டுக்கு அவரைத் தெரியும். கூடலூர்க் கூட்டத்தில் பேச்சைக் கேட்டவர். விறைப்பாக நின்று சலாம் வைத்தார்.

"மொதலாளின்னா இப்படியில்ல இருக்கணும்," என்றார். "மூங்கிலை மாடு முட்டுச்சுன்னு எழுதிக்கிறேன்."

இறங்கிய ஜனங்களில் ஒருவர் கை தட்டினார். கூடவே நாலைந்து பேர் தட்டினார்கள். ஒருவர் தன் கழுத்தில் கிடந்த துண்டை எடுத்துக் கோட்டைச்சாமிக்குப் போர்த்தினார். கோட்டைச்சாமி அவரையும் கட்டிப்பிடித்து அழுதார்.

ஏட்டு கையை நீட்டினார். பேச்சிமுத்து சட்டைப் பையிலிருந்து லைசென்ஸை எடுத்துக் கொடுத்தான். வீட்டில் மனைவி இருளம்மாளிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவள் கேட்டால் நம்பமாட்டாள். அவனுக்கே நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் ஒரு நிம்மதி இருந்தது. அவன் ஓட்டியிருந்தால் இத்தனை பேரும் பள்ளத்தில் கிடப்பார்கள்.

"நல்லவேளை, என் கையில வண்டி இல்ல," என்றான்.

"இந்தப் புத்தி குடிக்கிறதுக்கு முன்னாடி வரணும்," என்று சொல்லி ஏட்டு லைசென்ஸைத் தன் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

பின்படி வழியாகக் கடைசியாக இறங்கியவள் சங்கிலியம்மாள். தலைமுடியெல்லாம் ஏலக்காய்த் தொலி. சேலையை உதறிக்கொண்டு நேராகப் பேச்சிமுத்துவிடம் வந்தாள்.

"கீழ வந்தாச்சுல்ல? இப்பப் பேசலாமா டிரைவரே?"

"பேசுத்தா. இனிமே நான் டிரைவரு இல்ல. எவ்வளவு வேணும்னாலும் பேசு."

"ஒண்ணுமில்ல, குட்டப்பன் சொல்லச் சொன்னாரு. மொதலாளி மூணு செம்பு அந்திக்கள்ளு குடிச்சிருக்காகளாம், கதவோரம் உக்கார வச்சா விழுந்துருவாகளாம், உள்தள்ளி உக்கார வைக்கணுமாம். மத்தபடி நாங்க யாரும் பயப்பட வேணாமாம், டிரைவரு குடிச்ச மதுரக்கள்ளு மலையாளத்துப் பதநீருதானாம்."